வார்த்தைப்பாடும் உள்ளந் திறத்தலும்

சென்ற ஆவணித் திங்களில் ஒருநாள் மாலை, எம் விடுதியின் பின்புறத்துப் படிக்கட்டில் அமர்ந்திருந்தபோது, உடன்மாணவர் ஒருவர் என்னை நோக்கி ஒரு வினா வினவினார். அவர் இவ்வாண்டுத் தேர்வு முடிந்ததும் துறவற சபையொன்றில் நவசந்நியாசியாகப் புகக் கருதியிருப்பவர். ஏழ்மையைப் பற்றியோ கற்பைப் பற்றியோ அவருக்கு ஐயம் எழவில்லை. "சபையிற் சேர்ந்தபின் என் மனத்துள் எழும் நினைவுகள் அனைத்தையும் சிரேஷ்டரிடம் எடுத்துரைத்தே தீரவேண்டுமாமே, உண்மைதானா? அவ்வாறாயின் எனக்கென்று எஞ்சுவதுதான் யாது?" என்பதே அவர் கேட்டது. "கீழ்ப்படிதல் என்று வார்த்தைப்பாடு கொடுத்தபின் ஒளிப்பதற்கு இடமேது? சொல்லத்தான் வேண்டும்," என்று யான் சிறிதும் தயங்காது விடையிறுத்தேன். அவ்விடை முற்றும் பிழையென்பதனை மறுநாளே ஒரு குருவானவர் வாயிலாக அறிந்து நாணினேன். அன்று தொடங்கி நூலகத்தில் தேடியும் பெரியோரை உசாவியும் அறிந்தவற்றை, அந்நண்பர்க்கு விடையாகவும், இப்பொருளில் விருப்பமுடைய பிறர்க்குப் பயன்படுமாறும் ஈண்டு எழுதலானேன்.

முதற்கண் வார்த்தைப்பாடாவது யாதென்பதனைச் சிறிது காண்போம். இயலக்கூடியதும், அதற்கு மாறானதினும் மேலானதுமாகிய ஒரு நன்மையைக் குறித்து, ஆய்ந்தறிந்து, தன் விருப்பத்தினால் ஒருவன் கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கே வார்த்தைப்பாடு என்பது திருச்சபைச் சட்டத்தின் கருத்து. தன் விருப்பத்தினால் என்னும் இச்சொற்களை நண்பர்கள் உள்ளத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும். பின்வருவன யாவும் இவற்றையே பற்றி நிற்கின்றன. கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்னும் மூன்றே எல்லாச் சபையினரும் கொடுக்கும் வார்த்தைப்பாடுகள் என்று நாம் எண்ணுகின்றோம். பொருளளவில் அது மெய்யே, சொல்லளவில் அன்று. அர்ச். ஆசீர்வாதப்பர் சபையினர் நிலைபெயராமை, துறவொழுக்கத்திற்குத் திரும்புதல், கீழ்ப்படிதல் என்னும் மூன்றனைக் கூறுவர். அர்ச். சாமிநாதர் சபையினர் கீழ்ப்படிதல் ஒன்றனையே வாயாற் கூறுவர். ஏனையிரண்டும் அதனுள் அடங்கும் என்பது அவர் கொள்கை. சேசுசபையில் இறுதி வார்த்தைப்பாடு பெற்ற குருமாருட் பலர், வேதபோதக அலுவலாகப் பாப்பரசர் ஏவிய இடத்திற்குச் செல்வதாக நான்காவதொன்றும் கொடுப்பர்.

இவ்வாக்கினை ஒரே நாளில் முடிவாகப் பெற்றுக்கொள்வதில்லை. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நவசந்நியாசம் 12 மாதத்திற்குக் குறைதலாகாது. அதன்பின் கொடுக்கும் வார்த்தைப்பாடு மூன்றாண்டிற்குக் குறையாமலும் ஆறாண்டிற்கு மேற்படாமலும் ஒரு காலவெல்லைக்கு உட்பட்டது. தக்க காரணமிருப்பின் மொத்தம் ஒன்பதாண்டுவரை நீட்டலாம். என்றும் நிலைக்கும் வார்த்தைப்பாட்டிற்கு 21 வயது நிரம்பியிருத்தல் வேண்டும். நவசந்நியாசி எந்நாளும் விடைபெற்றுப் போகலாம்; கால வார்த்தைப்பாடு முடிந்தவரும் அவ்வாறே. வற்புறுத்தலினாற் கொடுத்த வார்த்தைப்பாடு செல்லாது. மகளிரை வலிந்து மடத்திற் புகுத்துவோரைச் சபையினின்று விலக்குவதாகத் திரிதெந்துப் பொதுச்சங்கம் 1563-இலேயே விதித்தது. மடத்திற் சேரவிருக்கும் பெண்ணை மேற்றிராணியார் தாமே அல்லது தம் பதிலாளைக் கொண்டு தனித்து வினவி, அவள் கருத்துச் சுயேச்சையானதுதானா என்று தெளிதல் வேண்டும் என்றும் அச்சங்கம் கூறிற்று. சொத்தைப் பங்கிடுவதற்கும் சீதனத்தைக் குறைப்பதற்கும் பெண்மக்களை மடத்திற் சேர்த்த பெருங்குடிகள் அக்காலத்து ஐரோப்பாவில் இருந்தமையின் இவ்விதி வேண்டியதாயிற்று.

இனி உள்ளந் திறத்தலுக்கு வருவோம். இவ்வழக்கம் வார்த்தைப்பாடுகளினும் முதியது. நான்காம் நூற்றாண்டில் எகிப்து தேசத்துப் பாலைநிலத்துத் துறவியரிடையே எழுதப்பட்ட சட்டமென்று பெரிதும் இல்லை. முதியவர் ஒருவர் குடிலில் இளையவர் ஒருவர் வாழ்ந்து, தம் நினைவுகளை அவரிடம் உரைத்து வழி தேர்ந்துகொண்டனர். அத்துறவியரிடையே சென்று வாழ்ந்து, பின்னர் மர்செய் நகரில் மடங்கள் அமைத்த யோவான் காசியான் என்பார், அங்குக் கேட்டவற்றை இருபத்துநான்கு சம்பாஷணைகளாக எழுதி வைத்துள்ளார். அவற்றுள் இரண்டாவதில் மோசே என்னும் முதியவர் கூறும் கதைகள் இரண்டு உள. இரண்டனையும் சேர்த்தே படித்தல் வேண்டும். ஒன்றனை மட்டும் எடுத்துக்காட்டுவோரே பலர்.

முதற்கதை செராப்பியோன் என்பவருடையது. அவர் சிறுவராயிருந்தபோது தேயோனாஸ் என்னும் முதியவருடன் வாழ்ந்தார். நாடோறும் முதியவருடன் உண்டு எழுந்தபின், உலர்ந்த அப்பம் ஒன்றனை மடியில் மறைத்து எடுத்துச் சென்று, மாலையில் யாருமறியாது தின்பார். தின்னும்போதிருந்த இன்பத்தினும் தின்றபின் எழுந்த துன்பம் பெரிதாயிருந்தது. ஆயினும் விட முடியவில்லை. ஒருநாள் தேயோனாஸைக் காணவந்த சிலர் பெருந்தீனியைப் பற்றியும் மறைத்துவைக்கும் நினைவுகளின் வலிமையைப் பற்றியும் உரையாடினர். அதனைக் கேட்டிருந்த சிறுவர் தம் பொருட்டே அவ்வுரை நிகழ்ந்ததென்று எண்ணித் தேம்பியழுது, மடியிலிருந்த அப்பத்தை எடுத்து எல்லாரும் காணத் தரையில் வைத்து விழுந்து வணங்கினார். முதியவர் தண்டனை ஒன்றும் விதிக்கவில்லை. யான் ஒரு சொல்லும் சொல்லாதிருக்க நின் வாய்மொழியே நின்னை விடுவித்தது என்னும் பொருள்படப் பேசித் தேற்றினார். அன்றுமுதல் அவ்வாசை செராப்பியோனை அணுகவில்லையாம்.

இரண்டாவது கதையில் வரும் இளைஞர் பெயரில்லாதவர். சிற்றின்ப நினைவுகளால் வருந்திய அவர், நெடுங்காலம் தவத்தில் நரைத்த ஒருவரிடம் சென்று, மறைக்காமல் உரைத்தார். முதியவரோ சினந்து, இத்தகைய நினைவுடையான் துறவி என்னும் பெயருக்கே தகான் என்று இகழ்ந்து அனுப்பினார். இளைஞர் மனமுடைந்து, துறவையே கைவிட்டு, மணஞ்செய்துகொள்ளும் எண்ணத்தோடு ஊரை நோக்கி நடந்தார். வழியில் அப்பொல்லோ என்னும் வேறொரு முதியவர் எதிர்ப்பட்டு, அவர் முகவாட்டத்தைக் கண்டு காரணம் வினவினார். இளைஞர் முதலில் வாய் திறக்கவில்லை. முதியவர் மீண்டும் மீண்டும் பரிவோடு கேட்ட பின்னரே கூறினார். அதனைக் கேட்ட அப்பொல்லோ, இத்துணை முதியனாகிய தமக்கும் அவ்வலைப்புகள் உண்டென்று தேற்றி, ஒருநாள் மட்டும் குடிலுக்குத் திரும்பி இருக்குமாறு வேண்டிக்கொண்டார். பின் தாம் நேரே அக்கடுஞ்சொல் கூறியவர் குடிலின்முன் சென்று, இளைஞனுற்ற துன்பம் இம்முதியோனையும் ஒருநாள் வருத்துக என்று கண்ணீருடன் மன்றாடினார். சிறிது நேரத்தில் அம்முதியவர் பித்தரைப்போல் வெளியே ஓடிவந்து, இளைஞர் சென்ற அதே வழியில் நடக்கத் தொடங்கினார் என்று கதை செல்லுகின்றது. நினைவுகளை முதியோரிடம் உரைத்தல் வேண்டும், ஆயின் நரைத்தோர் எல்லாரும் கேட்பதற்குத் தக்கவரல்லர் என்பது மோசேயின் கருத்து.

இவ்விரு கதையிலும் யான் கண்டதொன்றுண்டு. செராப்பியோனை ஒருவரும் கேட்கவில்லை. அப்பொல்லோ கேட்டார், ஆயின் அவருக்கு அவ்விளைஞர்மேல் ஆட்சியில்லை. கட்டளையிட்டு உள்ளத்தைத் திறந்தவர் இருவருள் ஒருவரும் இலர். கேட்பவரே ஆள்பவராகவும் ஆகும் நாளில் இது எவ்வாறு மாறிற்று என்பதுதான் மேல்வரும் வரலாறு.

ஆறாம் நூற்றாண்டில் மொந்தெக் காசீனோ மலையில் அர்ச். ஆசீர்வாதப்பர் வகுத்த ஒழுங்குநூல் 73 அதிகாரங்களுடையது. ஏழாம் அதிகாரத்தில் தாழ்ச்சியின் ஐந்தாம் படியாக, உள்ளத்திற்கு வரும் தீய நினைவுகளையும் மறைவிற் செய்த குற்றங்களையும் மடத்தலைவரிடம் உரைத்தலைக் கூறுகின்றார். அது தாழ்ச்சியின் படியாகக் கூறப்பட்டதேயன்றித் தண்டனையோடு கூடிய விதியாகக் கூறப்படவில்லை. நாற்பத்தாறாம் அதிகாரமோ இன்னும் நுட்பமுடையது. கலத்தை உடைத்தவனும் பொருளைத் தொலைத்தவனும் தானே வந்து எல்லார்முன்னும் அறிவித்தல் வேண்டும். ஆன்மாவின் மறைவான குற்றமாயின் தலைவரிடத்தோ ஆன்ம முதியோரிடத்தோ மட்டும் கூறினாற் போதும். அவர்கள் பிறர் புண்ணை ஆற்றவும் வெளியிடாது காக்கவும் அறிந்தவராயிருத்தல் வேண்டும் என்கின்றார். உடைந்த கலம் சபைக்கு, உடைந்த உள்ளம் ஒருவருக்கு என்று அவர் பிரித்துவிட்டனர். இப்பிரிவினையைப் பிற்காலத்தார் மறந்தபோதெல்லாம் தீங்கு விளைந்தது.

வெளிப்படை என்பது இளையோர்க்கு மட்டும் உரிய கடமையென்றும் அவர் எண்ணவில்லை. முக்கியமான காரியம் எதுவாயினும் மடத்தலைவர் எல்லாரையும் கூட்டி ஆலோசித்தல் வேண்டும். மேலானதைப் பலகால் இளையோர்க்கே ஆண்டவர் வெளிப்படுத்துகின்றார் என்பது மூன்றாம் அதிகாரம். புதிதாக வந்தவனுக்கு ஒழுங்குநூல் முழுவதனையும் இரண்டு மாதத்திற்குப்பின் ஒருமுறை, மேலும் ஆறு மாதத்திற்குப்பின் ஒருமுறை, மேலும் நான்கு மாதத்திற்குப்பின் ஒருமுறை வாசித்துக் காட்டி, இயலுமாயின் உள்ளே வருக, இயலாதாயின் தடையின்றிச் செல்க என்று கூறவேண்டும் என்பது ஐம்பத்தெட்டாம் அதிகாரம். அவன் வார்த்தைப்பாட்டைத் தன் கையாலெழுதிப் பீடத்தின்மேல் வைத்தபின், அவன் களைந்த பழைய உடையை எறிந்துவிடாது உடைச்சாலையிற் பேணிவைக்க வேண்டுமாம். பின்னொருகால் அவன் வெளியேற நேர்ந்தால் உடுத்துச் செல்வதற்கு. இந்த உடைச்சாலையைப் பற்றிப் படித்தபோது என் நண்பர் நெடுநேரம் பேசாதிருந்தார்.

பெண்மக்களுள் முதன்முதல் தம் மடத்திற்குத் தாமே ஒழுங்குநூல் எழுதிய அர்ச். கிளாரம்மாளும் இவ்வழி நின்றவர். அந்நூலுக்கு 4-ஆம் இன்னொசென்ட் பாப்பரசர் 1253-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-இல் இசைவளித்தார். 11-இல் அவ்வம்மையார் மரித்தார். வாரத்திற்கு ஒருமுறையேனும் தலைவி சகோதரிகளைக் கூட்டி, தலைவியும் சகோதரிகளும் ஒருங்கே தம் வெளிப்படையான குற்றங்களை அறிக்கையிட்டு, மடத்தின் நன்மைக்குரியவற்றைக் கலந்து பேசவேண்டும் என்றும், எல்லாருடைய இசைவுமின்றிப் பெருங்கடன் படலாகாது என்றும் அதிற் காண்கின்றோம். 1562-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-இல் ஆவிலா நகரில் அர்ச். சூசையப்பர் மடத்தைத் தொடங்கிய அர்ச். தெரேசம்மாள், தம் சகோதரிகளுக்கு எழுதிய நூலில் வற்புறுத்தியது வேறொன்று. வழக்கமான ஆத்தும குரு ஒருவரிடமே எல்லாரும் கட்டுண்டு கிடத்தல் ஆகாது. கற்றறிந்த பிறரிடமும் மனம்விட்டுப் பேசத் தலைவி இடந்தரல் வேண்டும் என்பது. ஒரே வாயிலை வைத்து அதற்கும் காவல் வைத்தால் உள்ளிருப்போர் மூச்சுத் திணறுவர் என்பதனை அவர் தம் அனுபவத்தால் நன்கறிந்தவர்.

1540-இல் 3-ஆம் சின்னப்பர் பாப்பரசரால் உறுதிசெய்யப்பட்ட சேசுசபையில் உள்ளந் திறத்தல் ஒரு முறையான கடமையாயிற்று. அர்ச். இஞ்ஞாசியார் அதற்குக் கூறிய காரணம் கருதத்தக்கது. அவர் சபையினர் ஒரே மடத்தில் நிலைத்திருப்பவரல்லர்; உலகின் எத்திசைக்கும் ஏவப்படுபவர். ஒருவருடைய நாட்டம், வலிமை, சோதனை இவற்றை அறியாது அவரைத் தொலைதேசத்திற்குத் தனியே அனுப்பினால், அவர் தாங்கொணாத இடரில் அவரைத் தள்ளுவதாக முடியும். ஆதலின் ஆண்டுக்கு ஒருமுறையேனும் மேலவரிடம் தம் மனச்சாட்சியின் கணக்கை ஒப்பித்தல் வேண்டும் என்றனர். பாவசங்கீர்த்தனத்திலோ, இரகசியமாகவோ, வேறு முறையிலோ தமக்கு விருப்பமானபடி கூறலாம் என்றும் இடமளித்தனர். கூறியது மேலவருள்ளத்திலேயே புதைதல் வேண்டும். தேம்பாவணி பாடிய நம் வீரமாமுனிவரும் இவ்வொழுங்கின்கீழ் வாழ்ந்தவரே. சேசுசபையில் இவ்வழக்கம் இன்றும் அச்சபைக்குரிய தனியுரிமையாக நடைபெறுகின்றது.

ஆயின் ஆள்பவரே கேட்பவருமாகுமிடத்து ஓர் இடர் உண்டு. பாவசங்கீர்த்தனத்திற் கேட்டதனை நினைவிற்கொண்டு ஒருவரைப் பதவியினின்று நீக்குவதோ, வேறிடத்திற்கு மாற்றுவதோ நேருமாயின், அதன்பின் யார்தான் உண்மை உரைப்பர்? 1593-இல் 8-ஆம் கிளெமெந்து பாப்பரசர், பாவசங்கீர்த்தனத்தால் அறிந்த பாவங்களைப் புற ஆட்சிக்குப் பயன்படுத்தலாகாது என்று எல்லாத் துறவறத் தலைவர்க்கும் ஆணையிட்டார். திருச்சபைச் சட்டநூலார் உள்மன்றம், புறமன்றம் என்று இரண்டு கூறுவர். கடவுள்முன் ஒருவன் நிற்கும் நிலை உள்மன்றம். சபைமுன் நிற்கும் நிலை புறமன்றம். இரண்டிற்கும் நடுவே சுவரொன்றுண்டு.

அச்சுவர் இடிந்த காலம் பிற்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாடசாலை நடத்தவும் நோயாளரைப் பேணவும் கன்னியர் சபைகள் மிகப்பல தோன்றின. அவற்றுட் பல சேசுசபையின் ஒழுங்குகளைத் தழுவித் தம் சட்டங்களை அமைத்துக்கொண்டன. அவற்றோடு மனச்சாட்சிக் கணக்கும் உடன்வந்தது. ஆனால் அங்குக் கேட்பவர் குருவானவரல்லர், மடத்துத் தாயார். பாவசங்கீர்த்தன இரகசியம் காப்பதற்குள்ள கடிய தண்டனையும் அவரைச் சாராது. அதற்குரிய பயிற்சியும் அவர் பெற்றிலர். கன்னியர் சிலர் தம் பாவங்களையே அவரிடம் கூறும்படி ஆயினர். கூறிய சகோதரியை எந்நாளில் திவ்விய நற்கருணை பெறலாம், எந்நாளிற் பெறலாகாது என்று தாயார் தீர்மானிப்பதும், வேறு ஆத்தும குருவை நாடுவதற்கு இடந்தர மறுப்பதும் தொடர்ந்தன. நன்மைக்கென்று ஏற்பட்டது இவ்வாறு துன்பமாக மாறிற்று.

1890-ஆம் ஆண்டு டிசம்பர் 17-இல், 13-ஆம் சிங்கராயர் பாப்பரசர் காலத்தில், உரோமையினின்று ஓர் ஆணை பிறந்தது. கன்னியர் சபைகளிலும் குருத்துவமில்லாத ஆடவர் சபைகளிலும், மேலவரிடம் மனச்சாட்சியைத் திறத்தல் வேண்டும் என்னும் விதிகள் அனைத்தும், எத்துணைப் பழைமையுடையனவாயினும், அன்றோடு ஒழிந்தன. நேராகவோ மறைமுகமாகவோ, கட்டளையாலோ ஆலோசனையாலோ அச்சத்தாலோ நயவுரையாலோ அவ்வாறு செய்யத் தூண்டுதலும் விலக்கப்பட்டது. தூண்டும் தாயாரைப் பற்றி மேலவர்க்கு அறிவிப்பது கீழுள்ளோர் கடமையாயிற்று. தாமாகவே மனம்விட்டுப் பேச விரும்புவோர்க்குத் தடையில்லை.

இவ்வாணையில் என் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது அதன் இறுதிப் பகுதி. ஆணையை அந்தந்தத் தேசமொழியில் பெயர்த்து, சபைச் சட்டநூலிற் சேர்த்து, ஆண்டிற்கு ஒருமுறையேனும் ஒவ்வொரு மடத்திலும், உணவுவேளையிலோ அதற்கென்று கூட்டிய கூட்டத்திலோ, எல்லார் செவியிலும் படும்படி உரத்த குரலில் வாசித்தல் வேண்டும் என்று விதித்தனர். நீண்ட மேசைகளின் இருபுறமும் கன்னியர் அமர்ந்திருக்கின்றனர். தலைமேசையில் தாயார் அமர்ந்திருக்கின்றார். இளஞ்சகோதரி ஒருத்தி எழுந்து நின்று, தாயார் எதனைக் கேட்கலாகாது என்பதனை, அத்தாயார் முகத்தின் முன்னரே, தெளிவான குரலில் படிக்கின்றாள். படித்து முடித்து அமர்ந்து உணவு கொள்ளுகின்றாள். உள்ளத்தின் மறைவைக் காப்பதற்கு இத்துணை வெளிப்படையான ஒரு வழியை யார் கண்டனரோ அவர் மடத்து வாழ்க்கையை நன்கறிந்தவராதல் வேண்டும். சட்டத்தைப் பேழையிற் பூட்டி வைத்தால் அது சட்டமாகாது.

1917-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுதியின் 530-ஆம் விதி இத்தடையை எல்லாத் துறவற மேலவர்க்கும் பொதுவாக்கிற்று. 1983-ஆம் ஆண்டுத் தொகுதியில் 630-ஆம் விதியாக அது நிலைபெற்றிருக்கின்றது. உறுப்பினர் மேலவரை நம்பிக்கையோடு அணுகுவாராக. தாமே விரும்பித் தம் உள்ளத்தை அவரிடம் திறக்கலாம். ஆனால் மேலவர் எவ்வகையிலும் அதற்குத் தூண்டலாகாது. மேலவர் குருவாயினும், கீழுள்ளவர் தாமே வேண்டிக்கொண்டாலன்றி அவர்தம் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கலாகாது. நவசந்நியாசிகளின் ஆசிரியர்க்கும் இத்தகைய தடையுண்டு. எனவே படிக்கட்டில் என் நண்பர்க்கு யான் கூறியிருக்க வேண்டிய விடை இது: கீழ்ப்படிதல் என்னும் வார்த்தைப்பாட்டினால் சபையின் சட்டத்திற்கிணங்க மேலவர் ஏவும் செயலுக்கு நீர் கட்டுப்படுகின்றீர், உம் உள்ளத்தைத் திறக்கும் திறவுகோலை அவர் கையிற் கொடுத்துவிடவில்லை. நீர் சேரும் சபை சேசுசபையாயின் மேற்கூறிய தனிவழக்கம் உண்டென்பதனையும் முன்னரே அறிந்து சேர்வீராக.

"அங்ஙனமாயின் துறவி எதனையும் மறைக்கலாமோ?" என்று ஒருவர் கேட்கலாம். அன்று. புறச்செயல் பற்றிய வினாவுக்கு மறைப்பென்னும் உரிமையில்லை. நேற்று எங்குச் சென்றீர், கொடுத்த பணம் யாதாயிற்று, பள்ளியில் அம்மாணவனை அடித்தது உண்மையா என்று மேலவர் கேட்டால் விடையிறுத்தல் வேண்டும். ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர்க்குக் கணக்கு இரகசியமன்று. இது மேலவர்க்கும் ஒக்கும்: சபையின் பொருளைப் பேணும் பொருளாளர் மேற்றலைவரின் வேறானவராயிருத்தல் வேண்டும் என்பது 636-ஆம் விதி. ஒருவரே ஏவுபவரும் பணப்பெட்டியை வைத்திருப்பவருமாக இருத்தலாகாது என்பதன் நன்மையை நம் ஊர்ச் சங்கங்களை அறிந்தவர்க்கு யான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. குறித்த காலத்தில் மடங்களைப் பார்வையிட வருபவர் முறையாகக் கேட்கும் வினாக்களுக்கு உண்மையாக, அன்போடு, விடைகூற ஒவ்வொருவரும் கடமைப்பட்டவர். அவ்வாறு கூறாதபடி அவர்களைத் திருப்பவோ தடுக்கவோ யாருக்கும் உரிமையில்லை என்று 628-ஆம் விதி கூறும். 1917-ஆம் ஆண்டுத் தொகுதி கடிதங்களைப் பற்றியும் ஒரு பாதுகாப்பளித்தது. மடத்தில் ஏனைய கடிதங்களை மேலவர் பார்வையிடும் வழக்கம் இருந்த அந்நாளில், பாப்பரசர் பீடத்திற்கும், அதன் பிரதிநிதிக்கும், மேற்றலைவர்க்கும், தமக்கு அதிகாரமுடைய மேற்றிராணியார்க்கும் எழுதும் கடிதத்தைப் பிரித்தல் ஆகாது என்பது அது.

கடிதம் என்றதும் எனக்குப் பழைய நினைவொன்று எழுகின்றது. யான் முன்னர்ப் பயின்ற பள்ளியொன்றின் விடுதியில் எம் கடிதங்கள் யாவும் பிரித்துப் படிக்கப்பட்ட பின்னரே தபாலிற் சேர்ந்தன. அதனால் நாங்கள் உண்மையுடையவராய்விட்டோம் என்று எண்ணவேண்டா. இரண்டு வகைக் கடிதம் எழுதக் கற்றுக்கொண்டோம். படிப்பவர்க்கென ஒன்று, "அடியேன் நலமாகப் படித்து வருகின்றேன்" என்று தொடங்குவது. தாய்க்கென ஒன்று, வெளியிலிருந்து வரும் மாணவன் சட்டைப்பையில் மறைந்து செல்வது. அவ்விடுதியிலேயே இராக்காலத்தில் விளக்கோடு சுற்றிவரும் முதிய ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவர் எங்களை ஒன்றும் கேட்டவரல்லர். எங்கள் துன்பமெல்லாம் அறிந்தவர் அவர் ஒருவரே.

இக்காரியத்தின் மற்றொரு முகத்தையும் கூறாது விடுதல் நேர்மையன்று. ஒருவருடைய உள்ளம் மறைவானது என்பதனால், ஒரு சபையின் குற்றமும் மறைவாயிருக்கலாம் என்பதாகாது. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டதனால் நேர்ந்த கொடுமைகளை இந்நூற்றாண்டில் உலகம் கண்டது. உள்ளத்தைத் திறக்க வற்புறுத்தப்பட்டவரே, தமக்கு இழைக்கப்பட்ட தீங்கைப் பேசலாகாது என்றும் வற்புறுத்தப்பட்டனர். கீழ்ப்படிதல் என்னும் சொல் இரண்டிற்கும் துணையாகக் கொண்டுவரப்பட்டது. கன்னியருட் சிலர் குருமாராலேயே தீங்குற்றனர் என்பதனை 2019 பெப்ரவரியில் பிரான்சிஸ் பாப்பரசர் பத்திரிகையாளர் முன்னிலையில் ஒப்புக்கொண்டார். அவ்வாண்டு மே 7-இல் அவர் பிறப்பித்த சட்டம், சிறுவர்க்கோ, அதிகாரத்தாலும் அச்சுறுத்தலாலும் வலியுறுத்தப்பட்டோர்க்கோ இழைத்த குற்றத்தை அறியவரும் குருவும் துறவியும் அதனைத் தாமதமின்றி அதிகாரமுடையோர்க்கு அறிவித்தல் வேண்டும் என்று கடமையாக்கிற்று. அறிவித்தவரைப் பேசாதிருக்குமாறு கட்டுப்படுத்தலாகாது என்றும் கூறிற்று. பாவசங்கீர்த்தனத்திற் கேட்டது மட்டும் இதற்கு விலக்கு. அவ்வாண்டு டிசம்பர் 17-இல், அத்தகைய வழக்குகளைப் பாப்பரசர் பீடத்தின் உயர்ந்த இரகசியத்தினின்று விடுவித்த கட்டளையும் வெளியாயிற்று. 1890-ஆம் ஆண்டு ஆணையும் அதே மாதம் அதே நாளில் பிறந்ததென்பது தற்செயலே. ஆயினும் இரண்டையும் ஒருங்கு வைத்துப் படித்தால் ஒன்று மற்றொன்றன் மறுபாதி போலத் தோன்றுகின்றது.

இச்சட்டங்களால் எல்லாம் நேராகிவிட்டன என்று யான் கூறத் துணியேன். தூண்டலாகாது என்று எழுதிவிடலாம். மேலவர் முகம் சிறிது கோணுவதும், மனம்விட்டுப் பேசுபவரைப் பிறர்முன் புகழ்வதும் தூண்டுதலே என்பதனை எந்த மன்றத்தில் மெய்ப்பிப்பது? பதினெட்டு வயதினர் ஒருவர் முற்றிலும் தம் விருப்பத்தினாற் பேசினாரா, அஞ்சிப் பேசினாரா என்பதனை அவரேயும் அறியாதிருக்கலாம். ஆதலின் வேறு ஆத்தும குருவை நாடும் உரிமையும், மேலிடத்திற்கு எழுதும் உரிமையும், பார்வையிட வருபவரோடு தனித்துப் பேசும் உரிமையும் பெயரளவில் நில்லாது நடைமுறையில் உளவா என்பதனைச் சேருமுன்னரே கேட்டறிதல் வேண்டும் என்று என் நண்பர்க்குச் சொன்னேன். அவர் அவ்வாறே ஒரு தாளில் வினாக்களை எழுதிக்கொண்டு சென்று, தாம் சேரவிருக்கும் சபையின் குருவானவரைக் கண்டார். அவர் சினவாது, ஒவ்வொன்றிற்கும் சட்டநூலைக் கையிலெடுத்துக் காட்டி விடைகூறி, "இவற்றைக் கேட்டபின் வருபவரையே யாம் விரும்புகின்றோம்," என்றனராம்.

நண்பரின் தாயார் இன்னும் முழுமனத்துடன் இசையவில்லை. நண்பர்க்கோ இப்பொழுது வேறொரு கவலை. துறவியர்க்கு நூலும் எழுதுகோலும்கூடத் தனியுடைமை ஆகாதென்பது அர்ச். ஆசீர்வாதப்பர் விதி. இவருடைய தமிழ் நூல்கள் ஒரு பேழை நிறைய இருக்கின்றன. அவற்றுள் நல்லதொரு சிலப்பதிகாரப் பதிப்பினை யான் கேட்டிருக்கின்றேன்; இதனை எழுதும் வரை அவர் விடை ஒன்றும் கூறவில்லை.